பாறையில் உறைந்த வளிமண்டலம்: கரியமிலவாயு பாறையாகும் கருத்தின் வரலாறும் செவ்வாய்க் கோளின் 'காணாமற்போன கார்பனேட்' சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

சிலிக்கேட் பாறைகள் நீரின் துணையோடு வளிமண்டலக் கரியமிலவாயுவை ஈர்த்துக் கார்பனேட்டாக மாற்றுகின்றன என்னும் கருத்தை 1845இல் பிரெஞ்சு வேதியியலாளர் எபெல்மன் முன்வைத்தார். வாயு பாறைக்குள் பூட்டப்படுவதும் எரிமலை வழியே மீண்டும் வெளிவருவதும் ஆகிய இரண்டும் அவருடைய கணக்கில் இடம்பெற்றிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கருத்து செவ்வாய்க் கோளுக்குப் பொருத்தப்பட்டபோது 'காணாமற்போன கார்பனேட்' என்னும் சிக்கல் எழுந்தது. புவியின் சுண்ணாம்புக்கற் படுகைகளை அளவுகோலாகக் கொண்ட எதிர்பார்ப்பும், அவ்வக்காலக் கருவிகளின் பார்வை எல்லையும் சேர்ந்தே இச்சிக்கலுக்கு வடிவம் தந்தன என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கரியமிலவாயு, சிலிக்கேட் சிதைவு, கார்பனேட், எபெல்மன், யூரே, செவ்வாய், சிடரைட், அறிவியல் வரலாறு

முன்னுரை

வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய மூன்றும் அண்டைக் கோள்கள். வெள்ளியின் தரைமட்டத்தில் வளியழுத்தம் புவியில் உள்ளதைப்போல ஏறத்தாழ 92 மடங்கு. அவ்வளியில் 96 விழுக்காட்டுக்கு மேல் கரியமிலவாயு. செவ்வாயின் வளியிலும் 95 விழுக்காடு அதுவே. ஆயினும் அங்கு மொத்த அழுத்தம் 6 மில்லிபார் அளவுக்கே உள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள புவியின் வளிமண்டலத்தில் கரியமிலவாயு 0.04 விழுக்காட்டளவே காணப்படுகிறது. எனினும் புவியில் அது குறைவு என்று கொள்வதற்கில்லை. புவியின் மேலோட்டுப் பாறைகளில், பெரிதும் சுண்ணாம்புக்கல்லாகவும் டோலமைட்டாகவும், அடங்கியுள்ள கார்பன் முழுவதையும் வாயுவாக்கினால், அது வெள்ளியின் வளிமண்டலத்தோடு ஒப்பிடத்தக்க அளவினதாகும். வெள்ளியில் வானத்தில் இருப்பது புவியில் மண்ணுக்கடியில் இருக்கிறது.

சுண்ணாம்புக் காளவாயை அறிந்தவர்க்கு இவ்வினையின் ஒரு பாதி புதிதன்று. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டால் எடை குறைகிறது. குறைந்த எடை கரியமிலவாயுவாகக் காற்றில் கலந்ததாகும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால் அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாகிறது. கோள் அளவில் நிகழ்வதும் இத்தகைய போக்குவரவே. இதில் 'போக்கு' எனத்தக்க பூட்டலையும் 'வரவு' எனத்தக்க திறத்தலையும் வெவ்வேறு காலத்தார் எவ்வாறு கையாண்டனர் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. கோளியல் வரலாற்று நூல்கள் இக்கருத்தைப் பொதுவாக 1952இல் தொடங்குகின்றன. அத்தொடக்கம் ஒரு நூற்றாண்டு பிந்தியது.

எபெல்மனின் வரவுசெலவுக் கணக்கு

ஜாக்-ஜோசஃப் எபெல்மன் (1814–1852) சுரங்கப் பொறியியல் கற்றவர். பின்னர்ப் புகழ்பெற்ற செவ்ர் பீங்கான் ஆலையின் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். இவ்விரு துறைகளுக்கும் இடையே ஓர் இயல்பான தொடர்பு உண்டு. பீங்கானுக்கு மூலப்பொருளான வெண்களிமண், கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் நெடுங்காலம் நீரில் சிதைந்து உருவாவது. கல் எவ்வாறு களிமண்ணாகிறது, ஆகும்போது எதை இழக்கிறது என்னும் வினா அத்தொழிலின் மையத்திலேயே இருந்தது.

1845இல் 'சுரங்க ஆண்டேடு' என்னும் பிரெஞ்சு ஆய்விதழில், சிலிக்கேட் கனிமங்களின் சிதைவுப் பொருள்கள் குறித்த தம் ஆய்வை எபெல்மன் வெளியிட்டார். சிதையாத பாறையையும் அதன் சிதைந்த மேற்புறத்தையும் தனித்தனியே பகுத்தாய்ந்து ஒப்பிடுவது அவர் முறை. கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவை சிதைவின்போது பாறையை விட்டு நீங்குகின்றன; அலுமினியம் களிமண்ணில் தங்குகிறது. நீங்கியவற்றைக் கரைத்துச் செல்லும் ஆற்றல் மழைநீருக்குக் கரியமிலவாயுவால் கிடைக்கிறது. கடலைச் சேரும் கால்சியமும் மக்னீசியமும் அங்குக் கார்பனேட்டாகப் படிகின்றன. ஆகவே ஒவ்வொரு சிலிக்கேட் பாறை சிதையும்போதும் வளிமண்டலம் தன் கரியமிலவாயுவில் ஒரு பங்கை நிலையாக இழக்கிறது.

இம்முடிவோடு அவர் நின்றிருந்தால், அவர் கணக்குப்படி வளிமண்டலம் எப்போதோ வறண்டிருக்க வேண்டும். அவர் நிற்கவில்லை. எரிமலைகள் வெளியிடும் கரியமிலவாயு இவ்விழப்பை ஈடுசெய்கிறது என்றும், தாவர எச்சங்கள் மண்ணில் புதைவதும் இரும்புக் கந்தகக் கனிமங்கள் உருவாவதும் சிதைவதும் கார்பனின் அளவையும் ஆக்சிஜனின் அளவையும் மாற்றுகின்றன என்றும் அவர் எழுதினார். வரவு, செலவு என்னும் இரு பத்திகளும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட முதல் ஆவணம் அது எனலாம். இன்றைய புவிவேதியியலாளர் கார்பன் சுழற்சியின் நெடுங்கால வடிவமாகக் கற்பிப்பதில் பெரும்பகுதி அதில் உள்ளது.

மறதியும் மறுகண்டுபிடிப்பும்

எபெல்மன் தம் 37ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பீங்கான் ஆய்வுகளும் செயற்கைப் படிகங்களும் நினைவில் நின்றன; வளிமண்டலக் கணக்கு நிற்கவில்லை. 1996இல் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ராபர்ட் பெர்னரும் கிர்க் மாஷும் ஒரு கட்டுரையில் அவ்வாய்வை எடுத்துக்காட்டி, அடிப்படை நெறிகள் யாவும் 1845இலேயே கூறப்பட்டுவிட்டன என நிறுவினர். பெர்னர் தாமே 1983இல் லசாகா, காரல்ஸ் ஆகியோருடன் இணைந்து இச்சுழற்சிக்குக் கணித மாதிரி அமைத்தவர். தமக்கு முன்னோடி ஒருவர் இருந்ததைத் துறையின் தலையாய அறிஞரே பின்னாளில் எடுத்துக்காட்டியது அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

இடைப்பட்ட காலத்தில் இக்கருத்து பலமுறை பிறந்தது. கனடாவில் பணியாற்றிய தாமஸ் ஸ்டெரி ஹன்ட், சுண்ணாம்புக்கற்களில் உறைந்துள்ள கரியமிலவாயுவின் பேரளவைக் கண்டு திகைத்தார். அவ்வளவும் ஒரே காலத்தில் வளிமண்டலத்தில் இருந்திருக்க முடியாது என அவர் கருதியது சரியே. ஆனால் அது விண்வெளியிலிருந்து சிறிதுசிறிதாக வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். செலவுப் பத்தியை மட்டும் கண்டவர் வரவுக்காகக் கோளுக்கு வெளியே செல்ல நேர்ந்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுவீடிய நிலவியலாளர் ஆர்விட் ஹெக்பம் 1894இல் இரு பத்திகளையும் மீண்டும் ஒன்றாக வைத்தார். நிலக்கரியை எரிப்பதால் ஓராண்டில் வெளியாகும் கரியமிலவாயு, சுண்ணாம்புக்கல் உருவாவதால் ஓராண்டில் செலவாகும் வாயுவுக்கு ஏறத்தாழ ஈடானது என்றும் கணித்தார். ஸ்வாந்தே அரேனியஸ் 1896இல் வெளியிட்ட, புவிவெப்பம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் ஹெக்பத்தின் வாதம் விரிவாக எடுத்தாளப்பட்டுள்ளது. இன்று அரேனியஸ் கட்டுரையைப் பசுமைக்குடில் விளைவுக்காகப் பலர் படிக்கின்றனர். அதன் நடுவே பாறைகளைப் பற்றிய இப்பகுதி இருப்பதைச் சிலரே குறிப்பிடுகின்றனர். 1899இல் அமெரிக்கரான தாமஸ் சேம்பர்லின் ஒருபடி மேலே சென்று, மலைகள் உயரும் காலங்களில் சிதைவு மிகுந்து, கரியமிலவாயு குறைந்து, பனியுகம் தோன்றும் என்றார். இமயமலையின் எழுச்சியைக் கடந்த சில கோடி ஆண்டுகளின் குளிர்ச்சியோடு இணைத்து மாரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் முன்வைத்த கருதுகோள் இதன் வழித்தோன்றலே.

யூரேயும் கோள்களும்

நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹரால்ட் யூரே 1952இல் 'கோள்கள்' என்னும் நூலை வெளியிட்டார். கால்சியம் சிலிக்கேட்டும் கரியமிலவாயுவும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டும் சிலிக்காவும் தரும் எளிய சமன்பாட்டை அவர் பிற கோள்களின் வளிமண்டலத்துக்கும் பொதுவாக்கினார். வெள்ளியில் கரியமிலவாயு இருப்பதை ஆடம்சும் டன்ஹமும் 1932இலும், செவ்வாயில் இருப்பதைக் கைப்பர் 1947இலும் நிறமாலை வழியே கண்டறிந்திருந்தனர். ஆகவே சமன்பாட்டைப் பொருத்திப் பார்க்கப் புவிக்கு வெளியே இரு களங்கள் ஆயத்தமாக இருந்தன. இவ்வினை இயல்பு வெப்பத்தில் நீரின் துணையின்றி மிக மெதுவாகவே நடைபெறும். நீரற்ற வெள்ளி தன் வாயுவைக் காற்றில் வைத்திருப்பதும், நீருடைய புவி அதைக் கல்லில் வைத்திருப்பதும் ஒரே சமன்பாட்டின் இரு விடைகளாயின. அச்சமன்பாடு 'யூரே வினை' எனப் பெயர் பெற்றது. அண்மைக்காலத்தில் சிலர் 'எபெல்மன்–யூரே வினை' என்றும் எழுதத் தொடங்கியுள்ளனர். இக்கட்டுரையாளருக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பெயர் ஒருபுறமிருக்க, இப்பொதுமையாக்கத்தில் நுட்பமான ஒரு மாற்றமும் நேர்ந்தது. சமன்பாடு இரு திசையிலும் செல்லக்கூடியது. ஆயினும் அதைச் சிறிய, குளிர்ந்த கோளுக்குப் பொருத்தியவர்கள் பெரும்பாலும் ஒரு திசையிலேயே படித்தனர். வாயு கல்லாகும், கல் அங்கேயே கிடக்கும், சென்றால் காணலாம் என்பது எதிர்பார்ப்பு.

புவியைப் பொறுத்தவரை மற்றத் திசை 1981இல் முழு வலிமையோடு திரும்பியது. ஜேம்ஸ் வாக்கர், பால் ஹேஸ், ஜேம்ஸ் காஸ்டிங் ஆகியோர், வெப்பம் மிகும்போது மழையும் சிதைவும் மிகுந்து கரியமிலவாயுவைக் குறைக்கின்றன என்றும், குளிரும்போது சிதைவு தளர்ந்து எரிமலை வரவு மேலோங்கி வாயு பெருகுகிறது என்றும் காட்டினர். பல இலட்சம் ஆண்டுகளில் இயங்கும் இவ்வெப்பச் சீராக்கிக்குப் புவித்தட்டுகளின் நகர்வு இன்றியமையாதது. கடலடிக் கார்பனேட் தட்டோடு சேர்ந்து ஆழத்தில் அமிழ்ந்து, சூடேறிச் சிதைந்து, எரிமலை வாயில்களில் மீண்டும் வாயுவாகிறது. காளவாய் இல்லாத கோளில் இச்சீராக்கி எவ்வாறு இயங்கும் என்பது செவ்வாய் ஆய்வாளர்க்கு விடப்பட்ட வினா.

செவ்வாயின் மெல்லிய காற்று

1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து செல்லும்வரை, அதன் தரையழுத்தம் ஏறத்தாழ 85 மில்லிபார் எனப் பலரும் கருதியிருந்தனர். கலத்தின் வானொலி அலைகள் செவ்வாயின் விளிம்பைக் கடந்தபோது அவற்றில் ஏற்பட்ட மாற்றத்தைக் கொண்டு கணித்ததில் 4 முதல் 7 மில்லிபார் வரையே கிடைத்தது. ஏழாண்டுகளுக்குள் அடுத்த அதிர்ச்சி. மாரினர் 9 அனுப்பிய படங்களில் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தெரிந்தன. நீர் ஓட வேண்டுமானால் அடர்ந்த வளிமண்டலம் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் அது எங்கே போயிற்று?

துருவப் பனியில் உறைந்திருக்கலாம் என்பது முதல் விடை. தென்துருவத்தில் புதையுண்ட கரியமிலவாயுப் பனிப்படிவத்தை 2011இல் ரேடார் கண்டறிந்தது உண்மையே. ஆனால் அதன் அளவு இன்றைய மெல்லிய வளிமண்டலத்தோடு ஒப்பிடத்தக்க அளவினதே. ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு அது விளக்கமாகாது.

இரண்டாவது விடை யூரே வினை. 1985இல் ரால்ஃப் கான் வெளியிட்ட ஆய்வு இவ்வரிசையில் மிக நேர்த்தியானது. செவ்வாயின் இன்றைய அழுத்தம், நீர் திரவமாக நிலைத்திருக்கத் தேவையான கீழெல்லையான 6.1 மில்லிபாருக்கு வியப்பளிக்கும் வகையில் நெருங்கியிருப்பதை அவர் கருத்திற்கொண்டார். அழுத்தம் அவ்வெல்லைக்கு மேல் இருக்கும்வரை ஆங்காங்கே சிறிது நீர் தோன்றும். நீர் தோன்றினால் கார்பனேட் உருவாகும். உருவானால் அழுத்தம் குறையும். எல்லையை எட்டியதும் நீர் இல்லை, வினையும் இல்லை. வளிமண்டலம் தன்னைத் தானே பாறைக்குள் பூட்டிக்கொண்டு, பூட்டிய கருவியையும் இழந்துவிட்டது என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

1987இல் ஜேம்ஸ் பொல்லாக்கும் காஸ்டிங் உள்ளிட்ட பிறரும் தொடக்ககாலச் செவ்வாய் வெப்பமாக இருக்க 1 முதல் 5 பார் வரை கரியமிலவாயு வேண்டும் எனக் கணித்தனர். ஆனால் நீர் இருக்கும் இடத்தில் 1 பார் வாயுவும் ஒரு கோடி ஆண்டுகள் என்னும் குறுகிய காலத்தில் பாறையாகிவிடும். எனவே எரிமலைக் குழம்பு கார்பனேட்டைப் புதைத்துச் சுட்டு வாயுவைத் திருப்பியிருக்க வேண்டும் என அவர்கள் முன்மொழிந்தனர். எபெல்மனின் இரண்டாம் பத்தி செவ்வாய்க்கும் சென்றது. எனினும் அடுத்த கால் நூற்றாண்டின் தேடல் இப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளியது. காரணம் எளிது: திரும்பிப்போன வாயுவைப் படம்பிடிக்க எந்தக் கருவியும் இல்லை, கிடக்கும் கல்லைப் படம்பிடிக்கக் கருவி இருந்தது.

தேடலும் கருவியும்

செவ்வாயிலிருந்து வந்த கார்பனேட் முதலில் கைக்கெட்டியது புவியிலேயே. அண்டார்ட்டிகாவின் ஆலன் குன்றுகளில் 1984இல் எடுக்கப்பட்ட, 84001 என்னும் எண் பெற்ற விண்கல்லில் ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பனேட் உள்ளது. 1996இல் அதில் உயிர்ச்சுவடு இருப்பதாக எழுந்த ஆரவாரம் அந்தக் கார்பனேட்டின் எளிய செய்தியை மறைத்துவிட்டது. அது ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. 2011இல் வெளியான ஐசோடோப்பு ஆய்வின்படி அது உருவான வெப்பநிலை 18 பாகை செல்சியசை ஒட்டியது. நீரும் கரியமிலவாயுவும் பாறையும் மிதமான வெப்பத்தில் ஒருங்கே இருந்தன என்பதற்கு இது நேரடிச் சான்று.

கோளைச் சுற்றிவந்த கருவிகள் வேறு கதை கூறின. செவ்வாய் உலகளாவிய அளவைக் கலத்தின் வெப்ப நிறமாலைமானி பல ஆண்டுகள் பார்த்தும் பாறைத்திரளாகக் கார்பனேட்டைக் காணவில்லை. 2003இல் பேன்ட்ஃபீல்ட், குளோட்ச், கிறிஸ்டென்சன் ஆகியோர் செவ்வாய்ப் புழுதியில் 2 முதல் 5 விழுக்காடு கார்பனேட் கலந்துள்ளதாக அறிவித்தனர். ஐரோப்பியக் கலமான மார்ஸ் எக்ஸ்பிரசில் இருந்த ஒமேகா கருவி களிமண்களையும் சல்பேட்டுகளையும் ஏராளமாகக் கண்டது, கார்பனேட்டைக் காணவில்லை. இக்காலகட்டத்தில்தான் 'காணாமற்போன கார்பனேட்' என்னும் தொடர் ஆய்வுலகில் வேரூன்றியது.

இத்தொடர் சற்று உன்னிப்பாக நோக்கத்தக்கது. ஒன்று காணாமற்போனதாகச் சொல்ல, அது எங்கே, எவ்வடிவில் இருந்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இங்கு அவ்வறிவு புவியிலிருந்து வந்தது: பரந்த ஆழ்கடல், அதன் அடியில் அடுக்கடுக்கான சுண்ணாம்புக்கல். ஆனால் புவியின் சுண்ணாம்புக்கல்லில் மிகப்பெரும் பகுதி கடந்த 50 கோடி ஆண்டுகளில் உயிரிகளின் ஓடுகளால் ஆனது. மேலும் புவியின் மேலோடு கால்சியம் மிகுந்தது. செவ்வாயின் பசால்ட் பாறைகளோ இரும்பும் மக்னீசியமும் மிகுந்தவை. எனவே தேடப்பட்ட வடிவம் செவ்வாயின் வேதியியலுக்கு உரியதா என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்க வேண்டும். கல்வெட்டு கிடைக்காத ஊரில் எழுத்தறிவே இல்லை என முடிவு செய்வதற்கும் இதற்கும் முறையியல் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஓலையில் எழுதியவர் ஊரில் கல்லைத் தேடுவது ஆய்வாளரின் தேர்வு.

2008இல் பெத்தனி எல்மனும் குழுவினரும், நுண்ணிய பார்வையுடைய கிரிசம் நிறமாலைமானி கொண்டு, நீலி ஃபோசே பகுதியில் ஆலிவின் பாறைகளோடு கலந்த மக்னீசியம் கார்பனேட்டைக் கண்டனர். அது கடலடிப் படுகையாக இல்லை. பாறை இருந்த இடத்திலேயே சிறிது சிறிதாக மாற்றமுற்றிருந்தது. அதே ஆண்டு வடதுருவச் சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் மண்ணைச் சூடேற்றி, வெளிவந்த வாயுவைக் கொண்டு 3 முதல் 5 விழுக்காடு கால்சியம் கார்பனேட் இருப்பதை அறிந்தது. செவ்வாயில் ஒரு சிறு காளவாய் என இதைச் சொல்லலாம்.

இவ்வரலாற்றில் மிகுந்த படிப்பினை தருவது கொமான்சே பாறை. ஸ்பிரிட் ஊர்தி கொலம்பியா குன்றுகளில் இப்பாறையை 2005 இறுதியில் ஆராய்ந்தது. அதில் 16 முதல் 34 விழுக்காடு வரை மக்னீசியம்–இரும்புக் கார்பனேட் உள்ளது என ரிச்சர்ட் மோரிசும் குழுவினரும் அறிவித்தது 2010இல். இடையில் புதிய அளவீடு எதுவும் எடுக்கப்படவில்லை. நிறமாலைமானியின் கண்ணாடியில் படிந்த புழுதியின் தாக்கத்தைக் கணக்கிட்டு நீக்கும் முறை பின்னரே உருவாயிற்று. தரவு கையிலிருந்தும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சான்று இல்லாததுபோல் இருந்தது.

அமிலமா, இழப்பா

காணாமைக்கு விளக்கங்களும் பெருகின. 2004இல் ஃபைரேனும் பிறரும், கந்தகமும் இரும்பும் மிகுந்த அமில நீரில் கார்பனேட் படியவே முடியாது என வாதிட்டனர். வாயு பாறைக்குள் செல்லாமல் விண்வெளிக்குச் சென்றிருக்கலாம் என்பது மற்றொரு வாதம். 2014 முதல் செவ்வாயைச் சுற்றிவந்த மேவன் கலம் ஆர்கான் ஐசோடோப்புகளை அளந்ததில், வளிமண்டலத்தில் ஒருகாலத்தில் இருந்த ஆர்கானில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு விண்வெளிக்கு இழக்கப்பட்டது தெரியவந்தது. ஆர்கான் எதனோடும் வினைபுரியாதது. பாறைக்குள் ஒளிய அதற்கு வழியில்லை. ஆதலின் இச்சான்று வலிமையானது. கரியமிலவாயுவிலும் பெரும்பகுதி அவ்வாறே போயிருக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் அனுமானம்.

2015இல் எட்வர்ட்சும் எல்மனும் நீலி ஃபோசேயின் கார்பனேட் முழுவதையும் கணக்கிட்டனர். செவ்வாயில் வெளித்தெரியும் மிகப்பெரிய கார்பனேட் பரப்பு அது. அதில் பூட்டப்பட்டது 0.25 முதல் 12 மில்லிபார் வரைக்கான வாயு மட்டுமே. ஒரு பாருக்கு 1000 மில்லிபார் என்பதை நினைவிற்கொண்டால் இடைவெளி விளங்கும். பள்ளத்தாக்குகள் உருவான காலத்திலேயே வளிமண்டலம் 500 மில்லிபாருக்கு உட்பட்டதாக இருந்திருக்க வேண்டும், அல்லது பின்னர்ப் பேரளவில் விண்வெளிக்கு இழக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஆழத்தில் பரவலாக அறியப்படாத முறையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என அவர்கள் மூன்று வழிகளைத் திறந்தே வைத்தனர். 2017இல் கியூரியாசிட்டி ஊர்தியின் தரவைக் கொண்டு பிரிஸ்டோவும் குழுவினரும், கேல் பள்ளத்தின் ஏரிப்படிவுகளில் கார்பனேட் இன்மையால், அக்காலக் கரியமிலவாயு சில பத்து மில்லிபார்களுக்கு மேல் இருந்திருக்க முடியாது என்றனர்.

களிமண்ணும் சிடரைட்டும்

கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுகள் கேள்வியின் வடிவத்தை மாற்றியுள்ளன. 2024இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோஷுவா மர்ரே, ஆலிவர் ஜகௌட்ஸ் ஆகியோர் கார்பனேட்டையே தேடவேண்டியதில்லை என்றனர். ஆலிவின் பாறையோடு நீர் வினைபுரியும்போது இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் வெளியாகிறது. அது கரியமிலவாயுவோடு சேர்ந்து மீத்தேனாகிறது. பாறை மேலும் சிதைந்து உருவாகும் ஸ்மெக்டைட் களிமண் தன் நுண்ணடுக்குகளுக்கு இடையே அம்மீத்தேனைப் பிடித்துவைக்கிறது. அவர்கள் கணிப்பின்படி இவ்வாறு 1.7 பார் வரைக்கான வாயு களிமண்ணில் அடங்கியிருக்கலாம். அது தொடக்ககால வளிமண்டலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு. இது மாதிரியாக்கத்தில் பெறப்பட்ட எண் என்பதையும், செவ்வாய்க் களிமண்ணில் அம்மீத்தேன் நேரடியாக அளக்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. இருப்பினும் கல்லைத் தேடிய கண்களுக்கு மண்ணைச் சுட்டிய வகையில் இது முக்கியமானது.

2025 ஏப்ரலில் கால்கரி பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் டுடோலோவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அளவீட்டின் மேல் நிற்பது. கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் சல்பேட் மிகுந்த மேலடுக்குகளை 2022, 2023ஆம் ஆண்டுகளில் துளையிட்டு, தூளை எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு முறையில் ஆராய்ந்தது. 89 மீட்டர் உயர அடுக்குத் தொகுதியில் 4.8 முதல் 10.5 விழுக்காடு வரை சிடரைட், அதாவது இரும்புக் கார்பனேட், காணப்பட்டது. எட்டாண்டுகளுக்கு முன் இன்மையை அறிவித்த அதே ஊர்தி, அதே பள்ளம்; அடுக்கு மட்டும் வேறு. கார்பனேட்டோடு எளிதில் கரையும் உப்புகளும் சேர்ந்திருந்தமையால், சிறிதளவே நீர் இருந்த, ஆவியாதல் மிகுந்த சூழலில் அது உருவானதாக அவர்கள் கொள்கின்றனர். ஆழ்கடல் தேவைப்படவில்லை. சுற்றுக்கலன்கள் இதைக் காணாதது ஏன் என்பதற்கும் ஒரு விடை கிடைத்தது: உடனுறையும் சல்பேட்டுகளின் நிறமாலை கார்பனேட்டின் தடயத்தை மறைக்கக்கூடியது.

கோளெங்கும் உள்ள இத்தகைய சல்பேட் அடுக்குகளில் 2.6 முதல் 36 மில்லிபார் வரைக்கான வாயு பூட்டப்பட்டிருக்கலாம் என அவ்வாய்வு மதிப்பிடுகிறது. இதனாலும் பல நூறு மில்லிபார் கணக்கு நேராவதில்லை. செய்தியாளர்கள் 'காணாமற்போனது கிடைத்தது' என்ற பாங்கில் எழுதியது மிகை. இக்கட்டுரையின் நோக்கில் ஆய்வின் சிறப்பு மற்றொரு குறிப்பில் உள்ளது. சிடரைட்டோடு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடுகளும் அங்குக் கிடைத்தன. உருவான சிடரைட்டில் ஒரு பகுதி பின்னர்ச் சிதைந்து, இரும்பை அங்கேயே விட்டுக் கரியமிலவாயுவை வளிமண்டலத்துக்குத் திருப்பியது என்பதற்கு அவை அடையாளம். பொல்லாக் கருதிய எரிமலைத் தீ இதற்குத் தேவைப்படவில்லை. மேற்பரப்பு நீரின் வேதியியலே போதும். சுழற்சி முழுமையாக மூடவில்லை. போனதைவிட வந்தது குறைவு. அதே 2025இல் எட்வின் கைட்டும் குழுவினரும் வெளியிட்ட மாதிரி, நீர் தோன்றும்போதெல்லாம் கார்பனேட் உருவாகி, காலநிலையை மீண்டும் வறட்சிக்கே தள்ளியதாகக் காட்டுகிறது. கானின் 1985ஆம் ஆண்டுக் கருத்து அளவீட்டுத் துணையோடு திரும்பியிருக்கிறது.

எபெல்மன் பகுத்தாய்ந்ததுபோல, சிதையாத பாறையையும் சிதைந்த பாறையையும் அருகருகே வைத்து எது போயிற்று, எது தங்கிற்று எனப் பார்க்கும் முறை செவ்வாயில் 2022க்குப் பின்னரே ஓரளவு கைகூடியது. சிடரைட் எவ்வளவு சிதைந்தது, எப்போது சிதைந்தது என்பதை அறிய ஐசோடோப்பு விகிதங்களை ஆய்வுக்கூடத் துல்லியத்தில் அளக்கவேண்டும். ஜெசரோ பள்ளத்தில் 2021 முதல் இயங்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தி, கார்பனேட் கலந்த ஆலிவின் பாறைகளிலிருந்து மாதிரிகளைக் குழாய்களில் அடைத்துள்ளது. ஆலன் குன்றுகளின் விண்கல் எவ்விடத்துப் பாறை என்பது தெரியாது. இக்குழாய்களில் உள்ளவை இடமும் அடுக்கும் அறியப்பட்டவை. அவை இன்னும் செவ்வாயிலேயே உள்ளன.